மருமகளுக்குத் தனித் தட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் முதலில் விழிப்பது ஓவன்தான். மனிதர்கள் அதற்குப் பிறகுதான்.

சிஸ்டரம்மா விடியும் முன்பே மாவைப் பிசைந்து வைத்துவிடுவார். மற்றவர்கள் பல் தேய்ப்பதற்குள் பிரெட் வெந்து, அதன் வாசனை அறை அறையாகப் புகுந்து எல்லோரையும் எழுப்பிவிடும். பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸாக இருந்தவர் அவர். அங்கே எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அதே ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் வேலை பார்த்து, அவரைக் காதலித்துக் கட்டிக்கொண்ட கணவரும்கூட இன்று வரை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறார். வெளியாட்கள் முன்னால் இது சில சங்கடங்களை உண்டாக்கியிருக்கிறது. ஆனாலும் அவர் மாற்றிக்கொள்வதாக இல்லை.

அன்றைய ஞாயிறு கொஞ்சம் விசேஷமானது. முந்தாநாள்தான் சிஸ்டரம்மா பணி ஓய்வு பெற்றிருந்தார். மதியம் குடும்பத்தோடு பார்பிக்யூ ஹோட்டலில் விருந்து. எங்கே போகலாம் என்று மகள் கேட்டபோது, "தியேட்டர்ல இருந்த வரைக்கும் சூடா எதையும் சாப்பிட்டதில்ல. நெருப்புல இருந்து நேரா தட்டுக்கு வர்ற மாதிரி ஒரு இடம் பாரு" என்று சிஸ்டரம்மாவே தேர்ந்தெடுத்த விருந்து. மதியம் விருந்து இருந்தால் என்ன, காலை பிரெட்டை அவர் விடவில்லை. முதல் துண்டை வெட்டி, வெண்ணெய் தடவி, வழக்கம்போல மருமகளின் முன்னால் வைத்தார்.

"சாப்பிடும்மா. சூடு ஆறிடப் போவுது."

மருமகள் பிரெட்டைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த கணவனைப் பார்த்தாள். கணவன் ஜன்னலைப் பார்த்தான்.

"குளிச்சிட்டு வந்து சாப்பிடறேன் அத்தை..."

"போன வாரம் துணி காயப்போட்டுட்டு வர்றேன்ன. அதுக்கு முந்தின வாரம் போன் வருதுன்ன. இந்த வாரம் குளியலா?"

மருமகள் தலை குனிந்துகொண்டாள். சிஸ்டரம்மா பெருமூச்சு விட்டபடி சமையலறைக்குள் திரும்பினார். அவர் முதுகு மறைந்த அந்தக் கணத்தில், மருமகளின் தட்டிலிருந்த துண்டு கணவனின் வாய்க்குள் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதமாக வாரா வாரம் நடக்கிற கூத்து இது. அவன் சட்டையின் நடுப் பொத்தான் ஏற்கெனவே தன் வேலையை ராஜினாமா செய்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

மருமகள் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவள். பேச்சு குறைவு, வேலை சுத்தம். கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாமியார் வைத்த பிரெட்டை வாயில் போட்டுக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்று சொன்னாள். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. மதியம் வயிறு முறுக்கிப் பிழிந்தது. சாயங்காலம் வாந்தி. புது இடம், புதுத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள். ஆறு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். எந்த விருந்துக்குப் போனாலும் நல்ல புடவை கட்டி, பூரிப்போடு உட்கார்ந்து, நாலு வாய் சாப்பிட்டு, பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவாள். ரத்தம் குறைந்தது, முடி கொட்டியது. பாவி மகள் அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் கடையிலேயே மயங்கி விழுந்தபோதுதான் டாக்டரிடம் போனாள். எல்லாப் பரிசோதனைகளும் செய்து பார்த்துவிட்டு டாக்டர் ஒரே வரியில் சொன்னார்: கோதுமையில் இருக்கிற குளூட்டன் உன் குடலுக்கு விஷம், இனி வாழ்நாள் முழுக்க ஒரு துணுக்குகூடக் கூடாது.

"அத்தைகிட்ட நானே சொல்லிடறேன்" என்றாள் அவள்.

"வேணாம், வேணாம். அம்மா மனசு ஒடைஞ்சுடும். நான் பக்குவமா சொல்றேன்" என்றான் கணவன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவில் யார் மாட்டிக்கொண்டாலும் பத்திரமாக வெளியே எடுத்துவிடுவான். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவனே மாட்டிக்கொண்டால்தான் கதவு திறக்காது. அன்று பக்குவமாகச் சொல்லப் போனபோது சிஸ்டரம்மா வீங்கிய காலை ஸ்டூல் மேல் நீட்டியபடி, "இந்த வீட்டுல என் பிரெட்டை ஒழுங்கா மதிச்சு சாப்பிடறவ உன் பொண்டாட்டி ஒருத்திதான்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "அது வந்தும்மா... அவ இப்போ டயட்ல இருக்கா" என்று உளறிவிட்டு வந்துவிட்டான்.

"சொன்னீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க. நீ அதைப் பத்தி பேச்செடுக்காதே. வருத்தப்படுவாங்க."

கோளாறு இவ்வளவுதான். ஈர்க்குச்சி மாதிரி இருக்கிற மருமகள் இன்னும் இளைக்க ஆசைப்பட்டுத் தன் பிரெட்டை ஒதுக்குகிறாள் என்று மாமியார் மனம் புழுங்கினார். தன் குடலுக்கு விஷம் என்று தெரிந்தும், அதுவும் ஒரு நர்ஸ், ஞாயிறு தவறாமல் தன் முன்னால் பிரெட்டை வைக்கிறாரே என்று மருமகள் இரவில் தலையணையை நனைத்தாள். இருவருக்கும் நடுவில் ஒருவன் இரட்டைப் பங்கு பிரெட் சாப்பிட்டு ஊதிக்கொண்டிருந்தான்.

சமையலறையிலிருந்து சிஸ்டரம்மா திரும்பி வந்தார். காலியான தட்டைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. மகனின் உதட்டு ஓரத்தில் இருந்த வெண்ணெயைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்மா" என்று மருமகளின் எதிரில் உட்கார்ந்தார். "எத்தனையோ விருந்துல பாதியில எழுந்து போயிட்ட. என் பொண்ணு கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்காரங்க, உங்க மருமகளுக்கு எங்களைப் பிடிக்கலையான்னு கேட்டாங்க. முழுங்கிக்கிட்டேன். இன்னைக்கு என் விருந்து... இதுலயாவது கடைசி வரைக்கும் என் பக்கத்துல உட்காருவியா? இதுலயும் எழுந்து போயிட்டீன்னா, இனிமே உன்னை எதுக்கும் கூப்பிட மாட்டேன். கோவத்துல சொல்லல. மானம் போவுதும்மா, அதான்."

"உட்காருவேன் அத்தை" என்றாள் மருமகள். "கடைசி வரைக்கும் உட்காருவேன்."

வெறும் வாய்ப்பேச்சாக அதைச் சொல்லவில்லை அவள். முந்தின நாளே அதற்கு வேலை செய்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், கூட்டம் வருவதற்கு முன், தனியாக அந்த ஹோட்டலுக்குப் போயிருந்தாள். கூடத்தின் ஒரு கோடியில், எல்லோரும் பார்க்கிற மாதிரி நீளமான இரும்பு அடுப்பு. அதன் பின்னால் கிரில் மாஸ்டர். ஆள் கதவு அகலம். புருவத்தில் எப்போதும் கொஞ்சம் சாம்பல் இருக்கும்.

"கோதுமையா?" என்று சிரித்தார் மாஸ்டர். "நாங்க கறி சுடறவங்கம்மா. மாவு மில்லு அடுத்த தெருவுல இருக்கு."

"கறியில தடவுற சாஸ்ல என்னென்ன போடுவீங்க?"

"அது பரம ரகசியம்மா. ஆனா மாவு கிடையாது. என் தலையில வேணா அடிச்சு சத்தியம் பண்றேன்."

"சோயா சாஸ் ஊத்துவீங்களா?"

"ஊத்தாம? சோயான்னா அவரைக்காய்க்கு அண்ணன் தம்பி. கோதுமைக்கும் அதுக்கும் என்ன உறவு?"

அவள் பாட்டிலைக் கேட்டாள். மாஸ்டர் அதை எடுத்துக் கையை முழுக்க நீட்டி, கண்ணைச் சுருக்கி, தலையைப் பின்னால் இழுத்து வாசிக்கப் பார்த்தார். எழுத்து பிடிபடவில்லை. அவளே வாங்கி, பின்பக்கச் சீட்டில் விரலை வைத்துக் காட்டினாள். தண்ணீருக்கும் சோயாவுக்கும் அடுத்தபடியாகக் கோதுமை உட்கார்ந்திருந்தது.

மாஸ்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "முன்னாடி பக்கம் சோயான்னு கொட்டை எழுத்துல போட்டுட்டு, பின்னாடி பக்கம் இந்த வேலையா... கூட இருந்தே குழி பறிச்சிருக்கான்மா எனக்கு."

அதற்கப்புறம் அவர் அவள் கட்சி. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பன்னை எங்கே சூடு செய்வீர்கள்? இதே கம்பியில்தான். இடுக்கி? எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சாஸ் தடவுகிற பிரஷ்? அதுவும் அப்படித்தான். உருளைக்கிழங்கு வறுவலிலாவது கோதுமை இருக்காதே என்றாள். கிழங்கில் இல்லை, ஆனால் ரொட்டித்தூள் தடவின கோழியைப் பொரிக்கிற எண்ணெயில்தான் கிழங்கும் குளிக்கிறது என்று மாஸ்டர் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

"ஒரே ஒரு துளி பட்டாக்கூடவா ஆகாது?"

"ஒரு துளி பட்டாக்கூட ஆகாது."

"அப்ப நீங்க கஸ்டமர் இல்லம்மா. பரீட்சை" என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

ஏற்பாடு முடிவானது. அவளுக்கான கோழி, மசாலா தொட்டியில் விழாமல் தனியாக உப்பு, மிளகு, எலுமிச்சையோடு ஊறும். அடுப்பின் வலது ஓரத்தில் இரண்டடுக்கு அலுமினியத் தாள் விரித்து, அதன் மேல் அது வேகும். புது இடுக்கி. கழுவின பலகை. தாளில் சுற்றிச் சுட்ட முழு உருளைக்கிழங்கு. மாஸ்டரே கையில் எடுத்துக்கொண்டு வருவார். வேறு தட்டுகளோடு சேர்ந்து வராது. அவள் கடைக்குத் திரும்பும்போது, முதல் தடவையாக ஒரு விருந்துக்கு ஆசையோடு காத்திருந்தாள்.

மதியம். நீள மேஜையின் தலைக் கோடியில் சிஸ்டரம்மா. ஒரு பக்கம் மாமனார், மறுபக்கம் மருமகள். எதிரில் கணவனும், டிராவல்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் நாத்தனாரும். நாத்தனாரின் நாக்கு ஒரு தனிப் பிறவி. உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, இன்னுமா டய... சரி, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இன்னும் இளைச்சீங்கன்னா மழையிலகூட நனைய மாட்டீங்க, சொல்லிட்டேன்."

கணவன் அவசரமாக இருமினான். மருமகள் சிரித்து வைத்தாள்.

பெரிய தட்டுகள் வந்தன. சாஸ் சொட்டும் கறித் துண்டுகள், சுட்ட பன்கள், பொன்னிறமாகப் பொரித்த கோழி. மேஜையே புகைந்தது. எல்லோரும் கை வைத்த பிறகு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாஸ்டர் வந்தார். பிள்ளைக்குப் பரிசு வாங்கிய தகப்பன் மாதிரி தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். வெள்ளைத் தட்டில் பளிச்சென்று கோழி, கிழங்கு, வெட்டின தக்காளி. மருமகளின் முன்னால் வைத்து, "ஒரு ஈ தொட்டதில்லம்மா" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்.

சிஸ்டரம்மா அந்தத் தட்டைப் பார்த்தார். தன் தட்டைப் பார்த்தார்.

"இது என்ன, தனித் தட்டு?"

"அது... எனக்காகச் சொல்லி வச்சேன் அத்தை."

"எல்லாரும் ஒண்ணா சாப்பிடத்தானே வந்தோம்? எண்ணெய் இல்லாம, சாஸ் இல்லாம... ஆஸ்பத்திரில ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்குக்கூட இதைவிட ருசியா கொடுப்பாங்க." அவர் குரலில் கோபத்தை விட ஆற்றாமைதான் அதிகம். "இன்னைக்கு ஒரு நாள், என் கையால சாப்பிடு."

சொன்னதோடு நிற்கவில்லை. தன் தட்டிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பாதி பன்னை அதன் தலையில் வைத்து, மேலே இரண்டு கரண்டி சாஸையும் ஊற்றி, மருமகளின் தட்டு நடுவில் அன்போடு இறக்கிவிட்டார். சாஸ் ஓடிப் போய்க் கோழியைத் தொட்டது. தக்காளியைத் தொட்டது. கிழங்கின் வெடிப்புக்குள் புகுந்தது.

தூரத்தில் அடுப்பருகே மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மருமகள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டால் மாமியார் முகம் மலரும். ஆனால் கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓட வேண்டும். கொடுத்த வாக்கு போய்விடும். சாப்பிடாவிட்டால் வாக்கு நிற்கும். ஆனால் இத்தனை பேர் முன்னால், அவர் விருந்தில், அவர் கையைத் தட்டிவிட்டதாக ஆகும். எப்படிப் பார்த்தாலும் அத்தையை இழந்துவிடுவேன் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் மங்கியது. ஆறு வருஷப் பழக்கத்தில் கை தானாகப் பன்னை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது.

"என்னால இதைச் சாப்பிட முடியாது அத்தை" என்று தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

மாமனார், "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி குடி" என்றார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் என்ன தப்பும்மா பண்ணேன்?" என்றார் சிஸ்டரம்மா. "எத்தனையோ பேர் உசுருக்குக் காவல் நின்னுட்டு, அந்தக் காலோடயே வீட்டுக்கு வந்து மாவு பிசைஞ்சேன். யாருக்காக? உன்னைத்தான் நெனச்சுக்குவேன். நீ ஒருத்திதான் ருசிச்சு சாப்பிடுவ. இப்போ உனக்கு என் கையை விட உன் இடுப்பு அளவு பெரிசா போயிடுச்சு, இல்ல?"

"இடுப்பா?"

"பின்ன என்ன? டயட்டு, டயட்டுன்னு..."

"டயட்டா?" மருமகள் விழித்தாள். "எனக்கு வந்த வியாதியைப் பத்தி உங்க பிள்ளை உங்ககிட்ட சொல்லலையா?"

இருவரும் ஒரே நேரத்தில் எதிர்ப்பக்கம் திரும்பினார்கள். கணவன் வாயில் ஒரு முழு பன் இருந்தது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நாத்தனார் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். பன் உள்ளே இறங்கியது, உண்மை வெளியே வந்தது.

"அம்மா... அவளுக்குக் கோதுமையே ஆகாதும்மா. டாக்டர் சொல்லிட்டாரு. நீ அன்னைக்கு அவ ஒருத்திதான் என் பிரெட்டை மதிக்கிறான்னு சொன்னியா... எனக்குச் சொல்ல வாய் வரல. டயட்டுன்னு சொல்லிட்டேன். இவகிட்ட உன்கிட்ட சொல்லிட்டேன்னு சொல்லிட்டேன். அவ பங்கு பிரெட்டை எல்லாம் நான்தாம்மா தின்னேன்."

"அப்போ நீங்க தெரியாமத்தான்..." மருமகள் மாமியார் பக்கம் திரும்பினாள். "ரெண்டு மாசமா நீங்க தெரிஞ்சே எனக்கு பிரெட் வைக்கிறீங்கன்னு நெனச்சேன் அத்தை. நான் என்ன பாவம் செஞ்சேன், என்னை ஏன் இப்படி வெறுக்கறாங்கன்னு..."

சிஸ்டரம்மா அழவில்லை. முகம் கல் மாதிரி ஆனது. அவர் கேட்ட கேள்விகள் தாயின் குரலில் இல்லை, நர்ஸின் குரலில் இருந்தன.

"ரத்தம் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"குடல்ல சதைத் துணுக்கு எடுத்து?"

"அதுவும் எடுத்தாங்க அத்தை."

"சீலியாக்" என்று நோயின் பெயரைச் சொன்னார் சிஸ்டரம்மா. அந்த வார்த்தையைச் சொன்னதும்தான் கண் கலங்கியது. "விருந்துல எல்லாம் எழுந்து போனியே... அது எல்லாம் இதனாலயா?"

"ஆமா அத்தை."

"அண்ணி," என்றாள் நாத்தனார் மெல்லிய குரலில், "என் கல்யாணத்தன்னைக்கு எங்க போயிட்டீங்கன்னு தேடினோமே..."

"அந்த மண்டபத்துல மூணு பாத்ரூம். அன்னைக்கு மூணுலயும் மாறி மாறி நான்தான் இருந்தேன்."

நாத்தனார் கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தாள்.

"ஆறு வருஷம்" என்று முனகினார் சிஸ்டரம்மா. "தியேட்டர்ல ஒரு பஞ்சு குறைஞ்சாலும் கண்டுபிடிப்பேன்னு பேர் வாங்கினவ நான். என் வீட்டுல என் பக்கத்துல உட்கார்ந்து ஒரு பொண்ணு உருகிப் போயிட்டிருந்திருக்கா... ஊட்டினதே நானா இருந்திருக்கேன்." சட்டென்று நிமிர்ந்தார். "இப்போ இந்தத் தட்டு?"

"போச்சு அத்தை. ஒரு துளி பட்டாலும் போச்சு."

"சாஸை வழிச்சு எடுத்துட்டா?" என்றார் மாமனார், உதவுவதாக நினைத்துக்கொண்டு.

சிஸ்டரம்மா அவரைப் பார்த்த பார்வையில் மாமனார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஆபரேஷன் கத்தி தரையில விழுந்தா துடைச்சுட்டு வயித்துக்குள்ள வைப்பீங்களா? பட்டா பட்டதுதான்."

அந்தத் தொழிலில் மற்ற எதற்கு மன்னிப்பு இருந்தாலும், தொட்டதற்கு மன்னிப்பு கிடையாது. பட்டிருக்காது என்று நினைத்தேன் என்று சொன்னவர்களை அவர் தியேட்டரை விட்டே வெளியே அனுப்பியிருக்கிறார். ஆகவே, தன் சொந்த விருந்தில், தன் சாப்பாடு ஆறிப்போக, சிஸ்டரம்மா எழுந்து நின்றார். பாழான தட்டை எடுத்துக்கொண்டு போய் ஓரமாக வைத்தார். கை கழுவும் தொட்டிக்குப் போய் விரல் விரலாக, நகம் நகமாக, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். பிறகு இரண்டு கைகளையும் மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அடுப்பை நோக்கி நடந்தார். வழியில் நின்றவர்கள் ஏன் என்று தெரியாமலே ஒதுங்கினார்கள்.

"அம்மா, நான் சுத்தமாத்தான் கொடுத்தேன்" என்று மாஸ்டர் முறையிட்டார்.

"நீங்க சுத்தமாக் கொடுத்தீங்க. நான் கெடுத்தேன். மறுபடி பண்ணணும். கோழி இருக்கா?"

"ஒரு துண்டு எதுக்கும் இருக்கட்டும்னு தனியா ஊற வச்சிருக்கேன்."

"நல்ல மனுஷன். கையைக் காட்டுங்க."

மாஸ்டர் கையைக் காட்டினார். சிஸ்டரம்மா உதட்டைச் சுழித்தார். மாஸ்டர் போய்க் கழுவிவிட்டு வந்தார். மறுபடி காட்டினார். மறுபடி அனுப்பப்பட்டார். அதற்குள் உதவி சமையல்காரர் ஒருவர் பன் தட்டோடு அந்தப் பக்கம் வர, "அங்கேயே நில்லுங்க" என்ற ஒற்றை அதட்டலில் அவர் சிலையானார். பழைய தாள் போனது, புதுத் தாள் வந்தது. இடுக்கி வெந்நீரில் முங்கி எழுந்தது. "தாள்", "இடுக்கி", "எலுமிச்சை" என்று சிஸ்டரம்மா சொல்லச் சொல்ல மாஸ்டர் எடுத்து நீட்டினார். தன் சொந்த அடுப்பிலேயே எப்போது எடுபிடி ஆனோம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் கோழி வெந்து, கத்தியால் கீறிப் பார்த்து, சிஸ்டரம்மா தலையசைத்தபோது, ஒரு உசுரைக் காப்பாற்றிய மாதிரி மாஸ்டர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையை சிஸ்டரம்மா பார்த்தார். மாஸ்டர் மறுபடியும் கழுவப் போனார்.

மேஜைக்குத் திரும்பியதும் முதல் உத்தரவு மகனுக்கு.

"உன் தட்டை எடுத்துக்கிட்டு அந்தக் கோடியில போய் உட்காரு."

"அம்மா, நான் என்ன..."

"உன் மேல பூரா பன் தூள். வாய் பூரா பொய்யி. ரெண்டும் இவ பக்கத்துல வரக்கூடாது."

லிஃப்ட் மெக்கானிக் தட்டோடு கீழ்க் கோடிக்கு இறங்கிப் போனான். யாரும் அவனை மீட்க வரவில்லை. நாத்தனார் பழக்கதோஷத்தில் அண்ணியின் தட்டிலிருந்து ஒரு துண்டு தக்காளி எடுக்கக் கையை நீட்டினாள். "கை" என்றார் சிஸ்டரம்மா. நீண்ட கை அப்படியே மடிக்குள் போய்விட்டது.

மருமகள் சாப்பிட்டாள். உப்பும் மிளகும் எலுமிச்சையும் புகையுமாக அது எவ்வளவு ருசியாக இருந்தது என்பதைவிட, பயமில்லாமல் விழுங்குவது எவ்வளவு ருசியாக இருந்தது என்பதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. ஒவ்வொரு வாய்க்கும் சிஸ்டரம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தட்டைத் தொடவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகும் யாரையும் எழுந்திருக்க விடவில்லை. ஆபரேஷன் முடிந்தவரைப் பார்ப்பது போல, கடிகாரத்தையும் மருமகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மாமனார் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தார். ஹோட்டல்காரர்கள் சுற்றியிருந்த மேஜைகளைத் துடைத்து முடித்தார்கள்.

"வலிக்குதா?"

"இல்ல அத்தை."

"முறுக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதே. இந்தக் குடும்பத்துல பொய்யால பட்டது போதும்."

"நெஜமாவே ஒண்ணும் இல்ல அத்தை. நான் உட்கார்ந்துதானே இருக்கேன்."

ஆமாம், உட்கார்ந்துதான் இருந்தாள். விருந்து முடிந்து, தட்டுகள் போய், மேஜைத் துணியும் போன பிறகும் அவர் பக்கத்திலேயே இருந்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலம்மா" என்றார் சிஸ்டரம்மா. "டாக்டர் சொன்னது ரெண்டு மாசம் முன்னாடி. அதுக்கு முன்னாடி ஆறு வருஷமா, ஞாயித்துக்கிழமை சாப்பிட்டா சாயங்காலம் படுக்கறேன்னு உனக்கே தெரிஞ்சிருக்குமே. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன உன்னைக் கொன்னா போட்டிருப்பேன்?"

மருமகள் மேஜையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுல எனக்குன்னு யாரும் எதுவும் செஞ்சதில்ல அத்தை. மிச்சம் இருந்தா சாப்பிடுவேன். இங்க வந்த முத வாரம், முத துண்டை எனக்கு வச்சீங்க. நான் நல்லா இருக்குன்னு சொன்னதும் உங்க முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. அந்தச் சிரிப்புக்கு வயித்து வலி தேவலைன்னு தோணுச்சு... வேணாம்னு சொன்னா அடுத்த வாரம் முத துண்டு வேற யாருக்காவது போயிடுமோன்னு பயம்."

சிஸ்டரம்மாவின் கல் முகம் உடைந்தது. "பைத்தியக்காரி... பிரெட்டுக்காகவாடி உனக்கு முத துண்டு வச்சேன்?" என்று அழுதபடியே எழுந்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு மருமகளை நோக்கி வந்தார். பாதியில் தன் புடவை கண்ணில் பட்டது. முன்பக்கம் முழுக்க சாஸ், மடிப்பெல்லாம் பன் தூள். பதறிப்போய் ஒரு அடி பின்னால் வைத்தார். "வராதே, வராதே. என் மேல எல்லாம் பட்டிருக்கு. வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு..."

"தின்னாத்தான் அத்தை ஆகாது" என்றாள் மருமகள். "கட்டிப் பிடிச்சா ஒண்ணும் ஆகாது."

அவளே எழுந்து போய்க் கட்டிக்கொண்டாள். சிஸ்டரம்மா அப்போதும் நம்பவில்லை. இரண்டு கைகளையும் எதிலும் படாமல் மேலே தூக்கிப் பிடித்தபடியே, மருமகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார்.